மயில்துத்த வெளிச்சம்

கோ லூன் பே மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவன் முதுகில் தோல் பாதிதான் இருந்தது. சுமைக் கயிறு அறுத்த இடத்தில் ஈ மொய்த்தது. தாய்லாந்து எல்லையில் இருக்கிற டௌனா மலையை ஏறி இறங்கப் பதினோரு நாள் ஆகியிருந்தது, அத்தனை நாளும் மழை. போகும்போது அவன் முதுகில் காய்ந்த இறால் இரண்டு மூட்டை. வரும்போது சைக்கிள் செயினும் டார்ச் லைட் செல்லும் முதுகில் வந்தன. வயிற்றில் மட்டும் லுங்கிக்குள் ரப்பர் துணி சுற்றி ஒரு தகர டப்பாவைக் கட்டியிருந்தான். வாசலில் நின்று அதை அவிழ்த்துப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

“நானூறு அடி. ஒரு சொட்டுத் தண்ணி போகல.”

மா ஞோ செய்ன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“லேபிள் எங்க?”

“எல்லையில உரிச்சுட்டான். பேர் இருந்தா சோதனைச் சாவடியில மாட்டிக்குவேன்னு.”

“என்ன பிலிம், எவ்வளவு வேகம், எந்த வருஷத்துதுன்னு யாருக்குத் தெரியும்?”

“பிலிம்னு சொல்லிக் கொடுத்தான். பிலிம்னு சொல்லித் தூக்கிட்டு வந்தேன். அதுகிட்ட நான் பேசவா முடியும்?”

மோல்மேனில் அந்த வருஷம் கூட்டுறவுக் கடையில் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. பிலிமைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த நேரம் பார்த்து ஆற்றங்கரை மர மில்லில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஆவணியில் வருகிற வாகௌங் மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் முதல் போட்டோ ஒட்டிய பாஸ் இல்லாமல் ஒரு ஆளும் கேட்டுக்குள் வரக்கூடாது. மரம் தூக்குகிறவர்கள், பலகை அடுக்குகிற பெண்கள், மரத்தூள் வாருகிறவர்கள் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நானும் அதில் ஒருத்தன். எங்கள் தெருவில் மில்லுக்குப் போகாத வீடு இல்லை.

ஊரில் போட்டோக் கடை இரண்டுதான். ஊ போ ஹானின் கடை பெரிய தெருவில் கண்ணாடிக் கதவோடு இருந்தது. மா ஞோவின் கடை எங்கள் தெருவில், அவள் வீட்டுத் தாழ்வாரத்தில். ஊ போ ஹானிடம் பிலிம் தீர்ந்துவிட்டது, ரங்கூனிலிருந்து வர ஒரு மாதமாகும் என்று அவர் கையை விரித்தார். மா ஞோ மில் கிளார்க்கிடம் போய், “பௌர்ணமிக்குள்ள நான் எடுத்துத் தரேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அவளிடம் அப்போது இருந்தது முழ நீளத்துப் பழைய பிலிம். புருஷன் மலையில் இருந்தான்.

அவன் வந்து சேர்ந்த அன்று பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி.

பெயர் தெரியாத பிலிமை நேராகக் கேமராவில் போட முடியாது. எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு கறுக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. இருட்டறையில் பழைய பிலிமில் ஒரு விரல் துண்டும் புதுசில் ஒரு விரல் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாள். மேலே அட்டை. பள்ளிக்கூடத்து அட்சரங்களை ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவாள். முதல் படிக்கு ஒரு அட்சரம், அடுத்ததுக்கு இரண்டு, அப்புறம் நாலு, எட்டு, பதினாறு. மருந்தில் கழுவிப் பார்த்தால் இரண்டும் எந்தெந்தப் படியில் கறுக்கின்றன என்று தெரிந்துவிடும். பழசின் வேகம் அவளுக்கு மனப்பாடம். அதை வைத்துப் புதுசைக் கணக்குப் போடலாம்.

இதற்கு வேண்டியது ஆடாத, அசையாத, இன்றைக்கும் நாளைக்கும் ஒரே அளவில் எரிகிற ஒரு வெளிச்சம். எங்கள் தெருவில் அது மட்டும்தான் இல்லை.

மில்லில் பெரிய ரம்பம் மரத்தைக் கடிக்கும்போதெல்லாம் தெரு முழுக்கப் பல்பு மங்கும். கடித்து முடித்ததும் பளிச்சென்று ஏறும். மா ஞோ நாலாவது அட்சரம் சொல்லும்போது ரம்பம் கடித்தால் அந்தப் படி போச்சு.

“பாஸ் கேக்குறதும் அவன்தான், பல்பைத் தின்னுறதும் அவன்தான்” என்று பல்பைக் கழற்றி எறிந்தாள்.

கோ லூன் குன்றின் மேல் இருக்கிற புத்தர் பகோடாவுக்குப் போய் மெழுகுவத்தி வாங்கி வந்தான். அவரவர் பிறந்த கிழமைக்கு உரிய மூலையில் ஏற்றுகிற வத்தி. ஒரே கிழவர் ஒரே அச்சில் வார்ப்பது. நூறு ஏற்றினாலும் நூறும் ஒரே உயரத்தில் எரியும், ஒன்றாக அணையும். எங்கள் ஊரில் நம்பக்கூடிய வெளிச்சம் அது ஒன்றுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். ஒரு முழம் தள்ளி வத்தியை நிறுத்தி, கதவு இடுக்கில் சாக்கு அடைத்து, மா ஞோ அட்சரம் சொன்னாள்.

கழுவி எடுத்தபோது பழைய பிலிம் முதல் படியிலேயே கறுத்திருந்தது. புதுசு பதினாறாவது அட்சரத்திலும் தெளிந்த கண்ணாடியாக இருந்தது.

இன்னொரு தடவை செய்தாள். வத்தியைப் பக்கத்தில் வைத்துச் செய்தாள். கடைசிப் படியில் பூனை மீசை மாதிரி ஒரு சாம்பல் நிழல் விழுந்தது.

அவள் வெளியே வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். கோ லூன் மீன்குழம்பு ஊற்றின மொஹிங்கா சேமியாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தை வைத்தான்.

“சொல்லு.”

“நீங்க தூக்கிட்டு வந்தது பிலிம் இல்ல. செத்த பாம்பு.”

அவன் குழம்பில் மிதந்த வாழைத்தண்டுத் துண்டை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் ஊ போ ஹானே குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். செய்தி அதற்குள் பெரிய தெருவுக்குப் போயிருந்தது. ஒரு துண்டை வாங்கிப்போய்த் தன் கடை விளக்கில் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தார்.

“பிணம்மா இது. பிணத்துக்குப் பவுடர் பூசாத. ஆர்டரை என்கிட்ட விட்டுடு.”

“உங்ககிட்டதான் பிலிம் இல்லையே, ஊலே?” என்றாள். ஊர்ப் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம், மாமா என்கிற மாதிரி.

“வரும். ஒரு மாசத்துல வரும்.”

“ஒரு மாசம் மில்லு ஆளுங்க என்ன சாப்பிடுவாங்க?”

“அதுக்கு நான் என்ன பண்ண? நானா அறிவிப்பு ஒட்டினேன்?” குடையை உதறி விரித்தார். “வாக்குக் கொடுக்கறதுக்கு முன்னால கையில சரக்கு இருக்கணும். ரங்கூன்ல எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் முதல் நாள் சொன்னது அது.”

அவர் போனதும் பலகை அடுக்குகிற பெண்களின் மேஸ்திரி டோ ம்யா ஓன் படியேறி வந்தாள். தோள் இரண்டும் ஆம்பளைத் தோள். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து கெட்டியாக, மஞ்சளாக, வட்டம் வட்டமாக.

“என்னடி, ஊர்ல என்னமோ பேசிக்கிறாங்க?”

“டோடோ, நாலு நாள் கொடுங்க” என்று மா ஞோ அத்தை முறை வைத்துக் கெஞ்சினாள்.

“நான் கொடுப்பேன். பௌர்ணமி கொடுக்குமா? என் கூட்டத்துல அறுபது பொம்பளைங்க. ஒரு நாள் வேலை இல்லைன்னா மறுநாள் அடுப்பு இல்ல. நடக்காதுன்னா இப்பவே சொல்லு, கிளார்க் கால்ல போய் விழறேன்.”

மா ஞோ நிமிர்ந்து பார்த்தாள். “விழாதீங்க. நாலு நாள்.”

எதை நம்பி அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பிற்பாடு அவளே சொன்னாள்.

மறுநாள் பிற்பகல் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவள் கடைசியாக ஒரு நீளத் துண்டை இருட்டறை மேசையில் விரித்து வைத்துவிட்டு, மருந்துக்குத் தண்ணீர் எடுக்க, கதவுக்கு உள்ளே தொங்கின இரட்டைக் கறுப்புப் படுதாவைத் தாண்டி வெளியே வந்தாள். திரும்பிப் போனால் உள்ளே கோ லூன் நின்றுகொண்டிருக்கிறான். வாயில் சுருட்டு. எங்கள் பக்கத்துச் சுருட்டு முழங்கை நீளம். இழுத்தால் நுனி அடுப்புத் தணல் மாதிரி எரியும். மேசைக்கு நேர் மேலே குனிந்து பிலிமைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தான்.

“ஐயோ! வெளிய வாங்க! இருட்டறையில சுருட்டா? அறிவு இருக்கா உங்களுக்கு?”

“செத்ததுதானே. மூஞ்சியையாவது பாக்கலாம்னு வந்தேன். பதினோரு நாள் என் வயித்துல கெடந்துது.”

அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் கை பழக்கத்தில் அந்தத் துண்டை எடுத்து மருந்தில் போட்டது. மற்றப் பிலிமாக இருந்தால் சுருட்டு வெளிச்சத்தில் முழுக்கக் கரியாகியிருக்க வேண்டும். இது மறுபடியும் தெளிந்த கண்ணாடிதான். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு வட்டம், அட்டக் கறுப்பாக.

அவள் துண்டை மேசையில் முன்பு இருந்தபடியே வைத்துப் பார்த்தாள். கறுத்த இடத்துக்கு நேர் மேலே தலையைத் தூக்கினாள். கூரைத் தகரத்தில் ஒரு ஆணி கழன்று, ஓட்டை வழியாக வானம் ஊசி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

“கோ லூன்!”

“வெளியதான் இருக்கேன். திட்டு முடிஞ்சுதா?”

“உள்ள வாங்க. சுருட்டோட வாங்க.”

அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

“இதைப் பாருங்க. உங்க சுருட்டு இதுகிட்ட எரிஞ்சும் ஒண்ணும் ஆகல. அந்த ஆணி ஓட்டை வெளிச்சம் கரியாக்கிட்டுது. இது சாகல. இதுக்குச் சிவப்பும் மஞ்சளும் கண்ணு தெரியாது, அவ்வளவுதான். நம்ம போட்டோப் பேப்பர் மாதிரி. சினிமாக் கொட்டகைக்குப் பிரதி எடுக்கிற பிலிம் இது! மெழுகுவத்தியைக் காட்டிக் காட்டி, தெரியுதா தெரியுதான்னு ஒரு குருடன்கிட்ட கேட்டுட்டிருந்திருக்கேன். ஊலேயும் அதையேதான் கேட்டிருக்கார்.”

கோ லூன் சுருட்டை ஒரு இழுப்பு இழுத்தான். “அப்ப என் முதுகு வீண் போகல?”

“போகல.”

“அதை முதல்ல சொல்லு.”

வேலை முடியவில்லை. இது வானத்தைப் பார்க்கிறது என்று தெரிந்தது. எவ்வளவு பார்க்கிறது என்று தெரியவில்லை. ஆணி ஓட்டையில் எண்ணெய்க் காகிதம் ஒட்டி வான வெளிச்சத்திலேயே சோதித்தாள். ஆவணி மாதத்து மேகம் ஒரு அட்சரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே மாறிப்போனது. காலையில் ஒரு பதில், மத்தியானம் ஒரு பதில். ஆனால் ஒன்றை மட்டும் கவனித்தாள். மேகம் எப்படி இருந்தாலும், பழைய பிலிம் கறுக்கிற படிக்கும் புதுசு கறுக்கிற படிக்கும் நடுவே இரண்டு படிதான் இடைவெளி. மெழுகுவத்தியிலோ அந்த இடைவெளி முடிவே இல்லாமல் போனது. எந்த விளக்கில் அதே இரண்டு படி வருகிறதோ அந்த விளக்கு வானத்துக்குச் சமம்.

பழைய பிலிம் அப்போது ஒரு சாண்கூட மிச்சமில்லை.

அசையாத வெளிச்சத்துக்குக் கோ லூன் வழி கண்டுபிடித்தான். மரம் ஏற்றும் லாரி டிரைவரிடம் பேசி பாட்டரியும் முன்விளக்குப் பல்பும் கொண்டு வந்தான். ரம்பம் கடித்தாலும் அது மங்கவில்லை. ஆனால் மஞ்சள். மஞ்சளை நீலமாக்க வேண்டும்.

மா ஞோ தன் நீலத் தமேனை, பெண்கள் கட்டுகிற லுங்கியை, எடுத்து வந்தாள், புதுசு, இடுப்பில் இரண்டு தடவை கட்டியது. விளக்கு உத்திரத்தில் தொங்கியது. தமேனை அதன் கீழே குறுக்காகக் கட்டிவிட்டு, “வந்து அட்டையைப் பிடிங்க” என்றாள்.

கோ லூன் வாசலைத் தாண்டவில்லை.

“பொம்பளை கட்டின தமேனுக்குக் கீழ நான் நிக்கணுமா?”

“விளக்குக்குத் திரை அது.”

“எதுவா இருந்தாலும் தமேன். கொடியில காயறதுக்கு அடியிலகூட நான் குனிஞ்சு போனதில்ல. என் அப்பன் போனதில்ல. ஆம்பளைக்கு உள்ள மகிமை போயிடும்.”

“டௌனா மலையில அட்டை கடிச்சு ரத்தம் போச்சு, அப்பப் போகாத மகிமையா?”

“அட்டை கடிச்சா ரத்தம்தான் போகும்.”

வாசலில் நின்றிருந்த டோ ம்யா ஓன் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். “என்னோடதைக் கட்டு மா ஞோ, அது பெரிசு. ஊர் ஆம்பளைங்க அத்தனை பேர் மகிமையும் ஒரே நேரத்துல போகட்டும்.”

மா ஞோ தானே ஒரு கையால் அட்டையும் ஒரு கையால் துண்டுமாகச் செய்து பார்த்தாள். அவன் மகிமை தப்பியதோ இல்லையோ, தமேன் தோற்றது. இழைகளின் நடுவே மஞ்சள் ஒழுகியது. இடைவெளி நாலு படி வந்தது. துணியை உருவிச் சுருட்டினாள்.

“சரி. மகிமை போகாத நீலம் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க.”

கோ லூன் யோசித்தான். அவன் மலைச்சுமைக்குப் போகுமுன் முடோன் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவன். மழைக்காலத்தில் இலை அழுகாமல் இருக்க மருந்து அடிப்பார்கள். பீப்பாயில் கரைத்தால் வானம் மாதிரி இருக்கும். கைக்குப் பட்டால் மூன்று நாள் நீலம் போகாது.

“மயில்துத்தம்” என்றான்.

சொல்லிவிட்டு அப்படியே எழுந்தான். ஆறாத முதுகில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, மழையில் லாரியின் பின்னால் தொத்திக்கொண்டு போனான். மறுநாள் சாயங்காலம் ஒரு துணி முடிச்சில் நீலக் கட்டிகளோடு வந்தான். தோட்டத்துப் பழைய மேஸ்திரி அவனைப் பார்த்ததும், “திருடத்தான் வந்திருப்ப, எடுத்துட்டுப் போ” என்றானாம்.

தட்டையான ரம் பாட்டில் ஒன்றைக் கழுவி, தண்ணீரில் மயில்துத்தம் கரைத்து ஊற்றி, விளக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். மேசையில் விழுந்த வெளிச்சம் மழை விட்ட காலை மாதிரி இருந்தது. இந்தத் தடவை கோ லூன் உள்ளே வந்து அட்டையைப் பிடித்தான்.

முதல் தடவை இடைவெளி மூன்று படி. இன்னும் இரண்டு கட்டி போட்டார்கள். இரண்டரை. பழைய பிலிம் இப்போது நகத்தளவுதான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“போதுமா, இன்னும் போடணுமா?” என்று அவன் கேட்டான்.

“ஒரு கட்டி. பெரிசா.”

பாட்டிலைக் குலுக்கி, கரையும்வரை காத்திருந்து, அட்சரம் சொன்னாள். அவன் அட்டையைக் கோணலாக நகர்த்தினான், “அட்டையை நேராப் பிடிங்க” என்று அட்சரத்துக்கு நடுவே திட்டும் விழுந்தது.

இரண்டு படி.

ஈரத் துண்டுகளைச் சமையலறைச் சன்னலில் பிடித்து மூன்று தடவை எண்ணினாள். சரியாக இரண்டு. அதற்குப் பிறகு பழைய பிலிம் தேவைப்படவில்லை. வானத்தைப் பாட்டிலில் அடைத்தாகிவிட்டது. மருந்தை எவ்வளவு நீர்க்க வைப்பது, எவ்வளவு நேரம் கழுவுவது என்று ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தாள். அதுவும் தடவித் தடவி இல்லை. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, தேயிலை ஊறுகாய் தின்றுகொண்டு, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு.

பாக்கி ஐந்து நாள். தாழ்வாரத்து இறவாணத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு கம்பம் நட்டார்கள். பிலிம் மெதுவானது, இரண்டு அட்சரம் சொல்லி முடிக்கும்வரை ஆள் அசையக்கூடாது. பின்மண்டையைக் கம்பத்தில் சாய்த்து மூச்சைப் பிடிக்க வேண்டும். முதலில் டோ ம்யா ஓன் வந்து நின்றாள். தலையில் பூ, கன்னத்தில் இரட்டைப் பூச்சுத் தனக்கா.

படத்தைக் கையில் கொடுத்ததும் அவள் வாய் திறந்தபடி நின்றாள். கன்னம் இரண்டிலும் கரிச்சட்டி அடி. வெற்றிலை போட்ட உதடு, தார் பூசினது போல.

“இது நானாடி, அடுப்புல சுட்ட கத்திரிக்காயா?”

மா ஞோ படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். “மஞ்சள் இதுக்குத் தெரியாதுல்ல! தெரியாததெல்லாம் கறுப்புதான். டோடோ, மூஞ்சி கழுவுங்க. வாயையும் தேய்ங்க.”

“தனக்கா இல்லாம போட்டோவா? நான் பொறந்ததுல இருந்து வெறும் மூஞ்சியோட வெளிய வந்ததில்ல.”

“பௌர்ணமிக்கு மறுநாள் கேட்டுக்கு உள்ள நிக்கணுமா, வெளிய நிக்கணுமா?”

டோ ம்யா ஓன் தண்ணீர் ஜாடியிடம் போனாள். தேங்காய் நாரால் முகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கல்யாண வீட்டில் நகையைக் கழற்றின மாதிரி கூச்சத்தோடு வந்து நின்றாள். அப்புறம் திரும்பி வரிசையைப் பார்த்து, “என்னடி பாக்குறீங்க? எல்லாரும் கழுவுங்க!” என்று கத்தினாள். அறுபது பெண்களும் கழுவினார்கள். வெற்றிலைக் கறை போகச் சாம்பலால் பல் தேய்த்த ஆம்பளைகள் வாந்தி எடுத்தார்கள். மழை வந்தால் வரிசை கூரைக்குள் ஒதுங்கும். விட்டால் மா ஞோ வானத்தைப் பார்த்து, பாட்டில் கணக்கில் அட்சரத்தைக் கூட்டிக் குறைத்துச் சொல்வாள். என் முறை வந்தபோது மூச்சைப் பிடித்ததில் எனக்குக் கண் பிதுங்கியது. பாஸில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை மில் கேட்டில் கிளார்க் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாஸையும் வாங்கி, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, உள்ளே விட்டார். டோ ம்யா ஓன் முறை வந்ததும் நிறுத்தினார். அன்றைக்கு அவள் பழைய கணக்குக்கும் சேர்த்துத் தனக்கா அப்பியிருந்தாள்.

“படத்துல இருக்கிறது நீயா?”

“நான்தான்.”

“படத்துல வயசு கம்மியாத் தெரியுதே.”

“அது கழுவின மூஞ்சி” என்று சொல்லி உள்ளே போனாள். பின்னால் வரிசை முழுக்கச் சிரித்தது.

ஏழு மணிச் சங்கு ஊதுவதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் உள்ளே இருந்தோம். கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் மிஞ்சவில்லை. பெரிய ரம்பம் முதல் மரத்தைக் கடித்தது. ஊரில் பல்புகள் மங்கியிருக்கும்.

அன்று மத்தியானம் ஊ போ ஹான் குடையோடு எங்கள் தெருவுக்கு வந்தார். கோ லூன் தாழ்வாரத்தில் குப்புறப் படுத்திருந்தான். மா ஞோ அவன் முதுகில் மஞ்சள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பெரியவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எந்த விளக்குல பாத்தே?”

அவள் உள்ளே போய் ரம் பாட்டிலைக் கொண்டு வந்து வைத்தாள். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கோ லூன் படுத்தபடியே சொன்னான்: “குடிச்சிடாதீங்க ஊலே, அப்புறம் உங்களுக்குப் பவுடர் பூச வேண்டியிருக்கும்.”

அவர் அதைக் கேட்காத மாதிரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நீலம் அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

“என்கிட்டயும் லேபிள் இல்லாத டப்பா ரெண்டு கெடக்குது” என்றார் கடைசியில். “பிணம்னு நெனச்சு பரண்ல போட்டு வச்சேன். மூணு வருஷமாச்சு.”

மா ஞோ எண்ணெய்க் கையைத் துடைத்தாள்.

“காலிப் பாட்டில் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, ஊலே. ஊத்தித் தரேன்.”

மழை பிடித்துக்கொண்டது. அவர் குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே பெரிய தெருவைப் பார்த்து ஓடினார்.